இரண்டு பொத்தான்களிலும் ‘ரத்து செய்ய…’

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையவழியில் விண்ணப்பிக்கும்போதும் பயணச்சீட்டு எடுக்கும்போதும் நேரும் சிரமங்களைப் பற்றி வாசகர்கள் எழுதும் கடிதங்களைத் தங்கள் நாளிதழில் தொடர்ந்து படித்துவருகிறேன். சர்வர் முடங்கியது, ஓடிபி வரவில்லை, பணம் பிடித்தம் ஆகியும் ரசீது கிடைக்கவில்லை என்பனவே அவற்றில் பெரும்பாலும் இடம்பெறுகின்றன. அவற்றுக்கெல்லாம் முன்னதாக, திரையில் விரல் படும் இடமாகிய பொத்தானிலேயே தொடங்கிவிடும் ஒரு குறையைப் பற்றி யாரும் எழுதக் காணேன். மதுரையில் 20 ஆண்டுகளுக்கும் மேலாக இணையதளங்களை வடிவமைத்துத் தரும் தொழிலில் இருப்பவள் என்ற முறையில், அந்தக் குறையின் பெரும்பங்கு எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்களுடையது என்பதை ஒப்புக்கொண்டே இதை எழுதுகிறேன். தமிழில் இயங்கும் தளங்களின் பொத்தான்கள் ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்துத் தைக்கப்படுகின்றன. பிறகுதான் அவற்றுக்குள் தமிழ்ச் சொல் திணிக்கப்படுகிறது.

கடந்த மாதம் என் சித்தப்பாவுக்கு நேர்ந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அவருக்கு வயது 68. பேருந்து நடத்துநராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். வாழ்நாளின் பெரும்பகுதி பிறருக்குப் பயணச்சீட்டு கிழித்துக் கொடுத்தவர். சென்னையில் நடக்கவிருந்த உறவினர் வீட்டுத் திருமணத்துக்காகத் தமக்கும் சித்திக்கும் ஒரு தளத்தில் இரவுப் பேருந்தில் இடம் பதிவு செய்திருந்தார். இருக்கை எண்ணைப் பார்ப்பதற்காகக் கைபேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்தவரின் விரல் எங்கோ பட்டுவிட, பயணத்தை ரத்து செய்ய விரும்புகிறாரா என்று கேட்டு ஒரு சிறு பெட்டி வந்து நின்றது. அதன் அடியில் பக்கம்பக்கமாக இரண்டு பொத்தான்கள். இடப்பக்கப் பொத்தானில் ‘ரத்து செய்ய…’ என்றும், வலப்பக்கப் பொத்தானிலும் ‘ரத்து செய்ய…’ என்றும் இருந்தது. “ஏம்மா, ரெண்டும் ஒண்ணுதானே போட்டிருக்கு, எதை அமுக்கினா இதை மூடலாம்?” என்று கேட்டுக்கொண்டே, நான் அடுப்படியிலிருந்து வந்து பார்ப்பதற்குள் ஒன்றை அமுக்கிவிட்டார். சீட்டு ரத்தாகிவிட்டது. பிடித்தம் போக மீதிப் பணம் திரும்பி வந்தது. முகூர்த்த நாள் என்பதால் அந்தப் பேருந்தில் மறுபடி இடம் கிடைக்கவில்லை.

பிறகு அந்தப் பக்கத்தின் நிரலைத் திறந்து பார்த்தேன். ஒரு பொத்தானின் முழு வாசகம் ‘ரத்து செய்யவும்’. மற்றொன்றின் முழு வாசகம் ‘ரத்து செய்ய வேண்டாம்’. இரண்டு பொத்தான்களுக்கும் ஒரே நிலையான அகலம் கொடுத்து, அந்த அகலத்துக்கு மிஞ்சிய எழுத்துகளை வெட்டி மூன்று புள்ளி இடுமாறு எழுதியிருந்தார்கள். பார்வை மங்கிவருவதால் சித்தப்பா தம் கைபேசியில் எழுத்தளவைப் பெரிதாக்கி வைத்திருக்கிறார். அதனால் இரண்டு வாசகங்களும் ஒரே இடத்தில் அறுபட்டு, ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு செயல்கள் ஒரே பெயரில் நின்றன.

ஆங்கிலத்தில் இந்த விபத்து இதே வடிவில் நேர்ந்திருக்காது. அந்த மொழியில் மறுப்புச் சொல் முதலில் வரும். வாசகத்தின் வால் அறுந்தாலும் ‘வேண்டாம்’ என்பது தலையில் நிற்கும். தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது. செய்வதா விடுவதா என்பதை அந்தக் கடைசிச் சொல்தான் தீர்மானிக்கிறது. ‘நீக்க வேண்டும்’, ‘நீக்க வேண்டாம்’, ‘நீக்க முடியாது’, ‘நீக்கப்பட்டது’ ஆகிய அனைத்தும் ‘நீக்க’ என்றே தொடங்குகின்றன. ஆகவே, வாலை வெட்டி மூன்று புள்ளி வைக்கும் வழக்கம் தமிழ்ப் பொத்தானில் பொருளையே வெட்டிவிடுகிறது. தமிழ்ப் பக்கத்தில் எந்தப் பொத்தானின் வாசகமும் புள்ளி வைத்து வெட்டப்படக் கூடாது என்பதை நான் இப்போது என் அலுவலகத்தில் மாற்ற முடியாத விதியாகவே வைத்திருக்கிறேன். இடம் போதவில்லை என்றால் வாசகம் இரண்டாம் வரிக்கு இறங்கட்டும். அப்போதும் போதவில்லை என்றால் இரண்டு பொத்தான்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கட்டும். பக்கம் சற்று நீண்டால் யாருக்கும் நட்டமில்லை.

அந்தப் பெட்டியில் வாசகமும் தவறுதான். எதிரெதிரான இரண்டு செயல்களுக்கு ஒரே சொல்லில் தொடங்கும் பெயர்களை வைத்ததை எப்படி ஏற்பது? ‘சீட்டை ரத்து செய்க’ என்று ஒன்றும், ‘பயணம் தொடரட்டும்’ என்று மற்றொன்றும் இருந்திருந்தால், எழுத்து அறுந்திருந்தாலும் சித்தப்பா தப்பியிருப்பார். ஒரு பெட்டியில் நிற்கும் இரண்டு பொத்தான்களின் முதல் சொற்கள் வேறுவேறாக இருக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் அனுபவத்தால் கற்க வேண்டிய பாடமாக இன்னும் இருப்பது வருத்தத்துக்குரியது.

இந்த நீளச் சிக்கல் எங்கிருந்து வருகிறது என்பதை வாசகர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். பெரும்பாலான தளங்கள் ஆங்கிலத்தில் வடிவமைக்கப்பட்டு, வாடிக்கையாளரின் ஒப்புதல் பெற்று, வண்ணமும் அளவும் முடிவான பிறகே மொழிபெயர்ப்பாளரிடம் செல்கின்றன. ஆறு எழுத்தில் முடியும் ‘சப்மிட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பொருந்தும்படி வரையப்பட்ட பெட்டிக்குள் ‘சமர்ப்பிக்கவும்’ என்ற சொல் வந்து விழுகிறது. திரையில் அளந்தால் இதன் அகலம் அந்த ஆங்கிலச் சொல்லின் அகலத்தைப் போல் இரு மடங்குக்கும் மேல் இருக்கும். மொழிபெயர்ப்பாளருக்கு அனுப்பும் அட்டவணையில் ‘பத்து எழுத்துக்கு மிகாமல்’ என்று ஒரு குறிப்பு வைப்பவர்களும் உண்டு. அந்தக் கணக்கே தமிழுக்குச் செல்லாது. ‘சமர்ப்பிக்கவும்’ என்பதை நாம் எண்ணினால் ஒன்பது எழுத்து. மெய்ப்புள்ளியையும் உயிர்க்குறியையும் தனித்தனிக் குறியாகக் கொள்ளும் கணினி எண்ணினால் பதினைந்து. ஒன்பது எழுத்துச் சொல்லை நீளம் அதிகம் என்று கணினி திருப்பி அனுப்ப, காரணம் புரியாத மொழிபெயர்ப்பாளர் ‘சமர்ப்பி’ என்று சுருக்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்.

சுருக்கியதும் வேறொரு கேள்வி எழுகிறது. ‘சமர்ப்பி’, ‘அனுப்பு’, ‘அழி’ என்பன ஒருமை ஏவல். வீட்டில் குழந்தையிடம் சொல்லும் தொனியில் ஒரு தளம் வயதில் மூத்தவர்களிடம் பேசுவதாகப் பலர் உணர்கிறார்கள். என் சித்தியே ஒருமுறை இதைச் சொல்லிக் குறைப்பட்டார். பொத்தானில் இருப்பது நாம் கணினிக்கு இடும் கட்டளை, கணினி நமக்கு இடும் கட்டளை அன்று, ஆகவே ‘அனுப்பு’ என்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை என்று வாதிடும் மொழிபெயர்ப்பாளர்களையும் எனக்குத் தெரியும். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆயினும் அதே பக்கத்தில் மேலே ‘பெயரை நிரப்பவும்’ என்று பணிவாகக் கேட்டுவிட்டு, கீழே ‘அழி’ என்று எழுதினால், யார் யாரிடம் பேசுவது என்பது படிப்பவருக்கு விளங்காது. ‘தொடர’, ‘சேமி’, ‘பதிவிறக்கவும்’, ‘உள்நுழை’ என்று நான்கு பொத்தானுக்கு மூன்று தொனி இருக்கும் பக்கங்கள் ஏராளம்.

இதற்கு நம் மொழியிலேயே ஒரு நல்ல வழி இருக்கிறது. பள்ளியில் வியங்கோள் என்று படித்தோமே, அதுதான். ஊர் எல்லைப் பலகையில் ‘நன்றி, மீண்டும் வருக’ என்று எழுதும்போது அது சிறுவனையும் பெரியவரையும் ஒரே மதிப்புடன் அழைக்கிறது. ஒருவரா பலரா, ஆணா பெண்ணா என்ற பேதமும் அதில் இல்லை. ‘அனுப்புக’, ‘தொடர்க’, ‘சேமிக்க’, ‘உள்நுழைக’, ‘பணம் செலுத்துக’ என்று எழுதிப் பாருங்கள். மரியாதையும் குறைவதில்லை, நீளமும் கூடுவதில்லை. ‘அனுப்புக’ என்பது ஐந்தே எழுத்து. எங்கள் அலுவலகத்தில் கடந்த சில ஆண்டுகளாக எல்லாப் பொத்தான்களுக்கும் இந்த வடிவையே கையாள்கிறோம்; இதுவரை ஒரு வாடிக்கையாளரும் இதை மாற்றக் கேட்டதில்லை.

சொல்லைத் தேர்ந்தெடுப்பதில் இன்னும் கூர்ந்த கவனம் வேண்டும் என்பதற்கு ‘மீட்டமை’ என்ற சொல்லைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை. ஆங்கிலத்தில் ‘ரீசெட்’ என்பதற்கு இணையாக இதைப் பயன்படுத்துகிறார்கள். படிவத்தில் இதுவரை நிரப்பியதை எல்லாம் துடைத்துவிட்டு முதல் நிலைக்குக் கொண்டுபோவதே இந்தப் பொத்தானின் வேலை. ஆனால் ‘மீட்டு’ என்று கண்ணில் பட்டதும் தமிழர் எவருக்கும் தோன்றும் பொருள் என்ன? அடகுவைத்த நகையை மீட்பதும், கிணற்றில் விழுந்த ஆட்டை மீட்பதும், தொலைந்ததைத் திரும்பப் பெறுவதும்தானே? எங்கள் தெருமுனையில் உள்ள கணினி மையத்தில் ஒரு கல்லூரி மாணவி உதவித்தொகைப் படிவத்தை நாற்பது நிமிடங்களாக நிரப்பிக்கொண்டிருந்தபோது மின்சாரம் ஒரு கணம் தடைபட்டு, பக்கம் மீண்டும் திறந்தது. சில கட்டங்கள் வெறுமையாக இருந்தன. பல கட்டங்களில் நிரப்பியது அப்படியே இருந்தது. அடியில் ‘மீட்டமை’ என்ற பொத்தானைப் பார்த்ததும், போனது திரும்பிவிடும் என்று நம்பி அதை அமுக்கினாள். மிச்சமிருந்ததும் போயிற்று. அந்தப் பெண் அன்று அழுததை நான் பக்கத்து இருக்கையிலிருந்து பார்த்தேன். படிவங்களில் இந்தப் பொத்தானே தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. நிரப்பிய எல்லாவற்றையும் ஒரே தொடுதலில் அழிக்க விரும்பும் விண்ணப்பதாரரை நான் இதுவரை சந்தித்ததில்லை. வைத்தே ஆக வேண்டும் என்றால் ‘எல்லாவற்றையும் அழிக்க’ என்று வெளிப்படையாக எழுதி, அனுப்பும் பொத்தானுக்கு அருகில் வராதபடி தள்ளி வைத்து, அழிப்பதற்கு முன் ஒருமுறை கேட்கவும் செய்யலாம்.

இனி உயரத்தைப் பற்றி. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் மேலும் கீழும் ஒரே கோட்டுக்குள் அடங்கிவிடும். நம் எழுத்துகளுக்கு மேலே புள்ளியும் இகர ஈகாரச் சுழியும் உண்டு. கீழே உகர ஊகாரக் கால்கள் இறங்கும். ‘பதிவு’ என்ற சிறிய சொல்லிலேயே ‘தி’ மேலே எழும்புகிறது, ‘வு’ கீழே இறங்குகிறது. பொத்தானுக்கு 30 பிக்சல் (திரையை அளக்கும் சிறு புள்ளி அலகு) என்று நிலையான உயரம் கொடுத்து, மிஞ்சியதை மறைக்கும்படி கட்டளையும் எழுதிவிட்டால், மெய்யின் புள்ளி மறைந்து ‘ரத்து’ என்பது ‘ரதது’ ஆகும். சுழி மறைந்தால் குறிலும் நெடிலும் ஒன்றாகும். உயரத்தை எண்ணால் கட்டிவைக்காமல், குறைந்தபட்ச உயரம் மட்டும் சொல்லி, மேலும் கீழும் எழுத்தளவுக்கு ஏற்ப விரியும் இடைவெளி விட்டால் இந்தத் தொல்லையே வராது. இதற்கு ஐந்து நிமிட வேலைகூட இல்லை.

இன்னொரு நுட்பத்தை எங்கள் துறை இளைஞர்களுக்காகவே எழுதுகிறேன். பக்கம் முழுவதற்கும் ஓர் அழகான தமிழ் எழுத்துருவையும் 18 பிக்சல் அளவையும் கொடுத்திருப்பீர்கள். ஆனால் அது பொத்தானுக்குள் தானாக இறங்காது. பொத்தானுக்கென்று உலாவிகள் தாங்களாகவே வேறோர் எழுத்துருவையும், பலவற்றில் 13 பிக்சலை ஒட்டிய ஒரு சிறிய அளவையும் வைத்திருக்கின்றன. ‘ஃபான்ட்: இன்ஹெரிட்’ என்று, பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸில் ஒரு வரி எழுதினால்தான் பக்கத்தின் எழுத்துரு பொத்தானுக்கும் வந்து சேரும். அந்த ஒரு வரி விடுபட்டதால், தலைப்பும் பத்தியும் தெளிவாக இருக்க, தொட வேண்டிய பொத்தானில் மட்டும் எழுத்து எள்ளளவாக நிற்கும் பக்கங்களை நாள்தோறும் காண்கிறேன். அந்த அளவில் தடித்த எழுத்தும் சேர்ந்துவிட்டால், மூன்று சுழி ‘ண’வும் இரண்டு சுழி ‘ன’வும் ஒன்றுபோல் அடைத்துக்கொண்டு தெரியும்.

ஒரு காலத்தில் தமிழ்ப் பொத்தான்கள் இப்படி இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நான் இந்தத் தொழிலுக்கு வந்தபோது, தமிழ் எழுத்து எல்லாக் கணினியிலும் தெரியும் என்ற உறுதி கிடையாது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி வந்த டாம், டாப் குறியாக்கங்கள் ஒரு புறம், திஸ்கி ஒரு புறம், ஒருங்குறி (யூனிகோடு) ஒரு புறம் என்று, எழுத்தைக் கணினிக்குள் குறிக்கும் முறையே தளத்துக்குத் தளம் வேறுபட்டது. ஆகவே பொத்தானில் வர வேண்டிய தமிழ்ச் சொல்லைப் படமாக வரைந்து வைப்போம். ‘முகப்பு’, ‘தேடுக’, ‘தொடர்புக்கு’ என ஒவ்வொரு சொல்லுக்கும் தனிப் படம். சொல் எவ்வளவு நீளமோ படமும் அவ்வளவு நீளம். சொல்லை மாற்ற வேண்டுமானால் படத்தையே மறுபடி வரைய வேண்டியிருந்தது, பார்வையற்றோரின் கருவியால் அதைப் படிக்கவும் முடியவில்லை என்பதெல்லாம் உண்மை. அந்த முறை போனது நல்லதே. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்றது. இன்று எளிய கைபேசியிலும் தமிழ் தெளிவாகத் தெரிகிறது. எழுத்து எங்கும் தெரியத் தொடங்கியதும், ஒவ்வொரு சொல்லையும் கண்ணால் பார்த்து அதற்கு இடம் ஒதுக்கும் பழக்கம் மட்டும் எங்களை விட்டுப் போய்விட்டது.

வண்ணத்திலும் இதே கதைதான். வெளிர் ஆரஞ்சு நிறத்தில் வெள்ளை எழுத்து எங்கள் கணினித் திரையில் அழகாகவே இருக்கும். மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் நண்பகல் வெயிலில் நின்றுகொண்டு கைபேசியில் பார்ப்பவருக்கு அங்கே எழுத்து இருப்பதே தெரியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாட்டை 1 முதல் 21 வரையிலான ஒரு விகிதமாக அளக்கும் முறை உலக அளவில் வழக்கில் உள்ளது. சாதாரண அளவு எழுத்துக்கு அது 4.5க்குக் குறையக் கூடாது என்பது, மாற்றுத்திறனாளிகள் உட்பட எல்லோரும் தளத்தைப் பயன்படுத்த முடிவதாகிய இணைய அணுகல்தன்மைக்கான நெறி. நான் மேலே சொன்ன ஆரஞ்சு–வெள்ளை இணையை அளந்தபோது 2.1தான் வந்தது. நம் ரயில் நிலையங்களின் மஞ்சள் பலகையில் ஊர்ப்பெயரைக் கறுப்பில் எழுதுகிறார்கள் அல்லவா? தூய மஞ்சளில் தூய கறுப்புக்கு அந்த விகிதம் 19க்கும் மேல். ஓடும் ரயிலிலிருந்து ஊர்ப்பெயரைப் படிக்க முடிவது அதனால்தான்.

விரலுக்கு ஏற்ற அளவுக்கும் இதே போல் எண்கள் உண்டு. ஆண்ட்ராய்டு கைபேசிக்கு கூகுள் பரிந்துரைக்கும் 48 அலகு என்பது திரையில் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர். 2023 அக்டோபரில் வெளியான இணைய அணுகல்தன்மை நெறிகளின் 2.2ஆம் பதிப்பு, 24 பிக்சலைக் குறைந்தபட்சமாகவும், மேல்நிலைத் தரத்துக்கு 44 பிக்சலையும் குறிக்கிறது. வயல்வேலையிலும் கட்டட வேலையிலும் காய்த்துப்போன விரல்களை எண்ணிப் பார்த்து, பெரிய அளவையே கைக்கொள்வது நமக்கு நல்லது.

பொத்தானின் தோற்றத்தை மட்டுமே பார்த்துவிட்டு, அது உண்மையில் பொத்தானாக இருக்கிறதா என்று பார்க்கத் தவறுவது இன்னொரு பெருங்குறை. இணையப் பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல் மொழியில் பொத்தானுக்கென்று தனி உறுப்பு இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் விசைப்பலகையால் அதை அடையலாம், என்டர் விசையாலும் இடைவெளி விசையாலும் இயக்கலாம். திரையில் உள்ளதைப் பார்வையற்றோருக்குக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் அதன் பெயரையும் சொல்லி, ‘பட்டன்’ என்றும் அறிவிக்கும். பலர் அதை விட்டுவிட்டு, ‘டிவ்’ எனப்படும் வெற்றுப் பெட்டிக்குப் பொத்தான் போல வண்ணம் பூசி, வளைந்த மூலை வைத்து, சொடுக்கினால் இயங்கும்படி செய்துவிடுகிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பார்வையற்ற கல்லூரி விரிவுரையாளர் ஒருவர், இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ என்ற திரைவாசிப்பானைக் கொண்டு ஒரு விண்ணப்பப் பக்கத்தைக் கடக்க முயன்றபோது நான் உடனிருந்தேன். டேப் விசையை அவர் மீண்டும் மீண்டும் தட்டினார். பெயர், முகவரி, பிறந்த தேதி என்று கட்டங்கள் ஒவ்வொன்றாக ஒலித்தன. கடைசிக் கட்டத்துக்குப் பிறகு நேராகப் பக்கத்தின் அடிக்குறிப்புக்குத் தாவிவிட்டது. அனுப்பும் பொத்தான் எங்கள் இருவருக்கும் நடுவே திரையில் பச்சை நிறத்தில் பெரிதாக இருந்தது. அவரைப் பொறுத்தவரை அது அங்கே இல்லவே இல்லை. அன்று அவருக்காக நான்தான் அதைச் சொடுக்கினேன். தம் விண்ணப்பத்தைத் தாமே அனுப்பும் உரிமை அவருக்கு இருந்தும் அது அவர் கைக்கு எட்டவில்லை.

உரிமை என்ற சொல்லை நான் மிகைப்படுத்திப் பயன்படுத்தவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009இல் முதலில் வெளியாகி, 2023இல் மூன்றாம் பதிப்பையும் கண்டுவிட்டன. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், அமில வீச்சால் பாதிக்கப்பட்டோரும் பார்வையற்றோரும் தொடர்ந்த வழக்குகளில், இணையவழிச் சேவைகளை அணுகுவது அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு உறுதிசெய்யும் வாழ்வுரிமையின் ஒரு கூறு என்று தீர்ப்பளித்தது. ஆக, சட்டமும் நெறியும் தீர்ப்பும் நம்மிடம் இருக்கின்றன. அவை பொத்தான் வரை வந்து சேரவில்லை.

பயனரை வேண்டுமென்றே ஏமாற்றும் பொத்தான்களும் இருக்கின்றன. ‘வேண்டாம்’ என்பதை வெளிறிய சாம்பல் நிறத்தில் ஒளித்துவைத்து, ‘வாங்குக’ என்பதைப் பளிச்சென்று காட்டுவது போன்றவை அவை. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட நெறிமுறைகள் இத்தகைய 13 உத்திகளைப் பட்டியலிட்டுத் தடைசெய்துவிட்டதால், அவற்றைப் பற்றி நான் விரித்து எழுதவில்லை. என் சித்தப்பாவின் சீட்டை ரத்து செய்த பொத்தானில் அத்தகைய உள்நோக்கம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. தமிழில் அந்தப் பெட்டி எப்படித் தெரிகிறது என்று அந்த நிறுவனத்தில் ஒருவரும் ஒருமுறைகூடத் திறந்து பார்க்கவில்லை, அவ்வளவே. ஆனால் பணத்தையும் பயணத்தையும் இழந்தவருக்கு இந்த வேறுபாட்டால் என்ன ஆறுதல் கிடைத்துவிடும்?

பணம் செலுத்தும் பொத்தானைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியவில்லை. தொட்டதும் அதில் ஏதேனும் மாற்றம் தெரிய வேண்டும். இணைப்பு மெதுவாக இருக்கும் ஊர்களில், தொட்ட பிறகும் பொத்தான் அசையாமல் அப்படியே நின்றால், படவில்லை போலும் என்று எண்ணி எவரும் மறுபடி தொடவே செய்வார்கள். முதல் தொடுதலிலேயே பொத்தானைச் செயலற்றதாக்கி, ‘அனுப்பப்படுகிறது, காத்திருக்க’ என்று வாசகத்தை மாற்றுவதும், ஒரே கோரிக்கை இரண்டு முறை வந்தால் இரண்டாவதை சர்வரிலேயே தள்ளிவிடுவதும் எங்கள் கடமை. பணம் இருமுறை பிடித்தமானதாக இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் சிலவற்றுக்கேனும் காரணம் இந்த அசையாத பொத்தானாக இருக்கக்கூடும் என்பது என் எண்ணம்.

எங்கள் தொழிலில் இருப்போருக்கு இதையெல்லாம் சொன்னால், வாடிக்கையாளர் கேட்பதில்லை, அதற்கான நேரத்துக்குக் கூலியும் தருவதில்லை என்கிறார்கள். அது முற்றிலும் பொய்யன்று. தளத்தை ஏற்றுக்கொள்ளும் நாளில் பெரும்பாலான அதிகாரிகளும் முதலாளிகளும் பெரிய திரையில், ஆங்கிலப் பக்கத்தைத்தான் பார்க்கிறார்கள். தமிழ்ப் பக்கம் இருக்கிறதா என்று கேட்டு, இருக்கிறது என்றதும் கையெழுத்திடுகிறார்கள். ஆகவே இந்த வேண்டுகோளை அவர்களுக்கே வைக்கிறேன். கையெழுத்திடும் முன், உங்கள் அலுவலகத்தில் மலிவான ஆண்ட்ராய்டு கைபேசி வைத்திருக்கும் ஒருவரை அழையுங்கள். அதில் எழுத்தளவை மிகப் பெரிதாக்கித் தமிழ்ப் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். தொடக்கம் முதல் ரசீது வரை ஒரு விண்ணப்பத்தை அவரே முடிக்கட்டும். நீங்கள் உதவி செய்யாமல் பக்கத்தில் அமர்ந்து பாருங்கள். பிறகு மொட்டை மாடிக்குப் போய் வெயிலில் ஒருமுறை பாருங்கள். எல்லாம் சேர்த்து அரை மணி நேரம் ஆகும்.

அரசுத் துறைகளும் வங்கிகளும் கல்வி நிறுவனங்களும் இணையதளத்துக்காக வெளியிடும் ஒப்பந்தப்புள்ளிகளில் கீழ்க்காணும் நிபந்தனையைச் சேர்த்தால், எங்களைப் போன்றவர்கள் அதற்குரிய நேரத்தையும் செலவையும் முதலிலேயே கணக்கிட்டுக்கொள்வோம்: ‘தமிழ்ப் பக்கத்தில் உள்ள ஒவ்வொரு பொத்தானும், கைபேசியில் எழுத்தளவை மிகப் பெரிதாக வைத்த நிலையிலும், தன் வாசகத்தை வெட்டாமல் முழுமையாகக் காட்ட வேண்டும், ஒரே பெட்டியில் உள்ள இரு பொத்தான்களின் வாசகங்கள் வெவ்வேறு சொற்களில் தொடங்க வேண்டும், எல்லாப் பொத்தான்களும் விசைப்பலகையாலும் திரைவாசிப்பானாலும் இயங்க வேண்டும், இவை தமிழ் அறிந்த பயனர்களைக் கொண்டு சோதிக்கப்பட்ட பிறகே இறுதித் தவணை வழங்கப்படும்.’

இப்படிக்கு,
இணையதள வடிவமைப்பாளர் ஒருவர்,
மதுரை.